வட்டு நிறைந்துவிட்டால் என்ன செய்வது? வளத்தளம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி



நம்மில் சிலர் பள்ளிக்காகவோ பாடக்குழுவுக்காகவோ சொந்தமாக வளத்தளம் நடத்தி வருகிறோம். மாதாமாதம் கொஞ்சம் ரிங்கிட் கட்டி, மேகத்தில் ஒரு மெய்நிகர் கணினியை வாடகைக்கு எடுத்து, அதில் உபுண்டுவும் மூடுலும் நிறுவி, பயிற்றிகளையும் தேர்வுத்தாள்களையும் ஏற்றி வைக்கிறோம். நல்லபடியாக ஓடும்வரை அந்தக் கணினியை நாம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வட்டு நிறைந்த அன்றுதான் தெரியும்.

எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தெரிந்தது. புலனத்தில் ஓர் ஆசிரியை: “சார், சிறுகதைப் பயிற்சித்தாள் ஏறவே மாட்டேங்குது. நாளைக்குக் காலையில பிள்ளைங்க செய்யணும்.” ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர்: “உள்ளேயே போக முடியலை சார்.” எஸ்.பி.எம். சோதனைத் தேர்வுக்கு முந்திய வாரம் அது. அன்றிரவு நான் செய்த தவற்றையும், செய்யவிருந்து கடைசி நிமிடத்தில் கைவிட்ட பெரிய தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது, பெரிய எழுத்து என்று சொல்லும் இடங்களைத் தவிர, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

1. இது வட்டுப் பிரச்சினைதானா?

வட்டு நிறைந்தால் திரையில் “வட்டு நிறைந்தது” என்று வராது. வேறு மாதிரித்தான் காட்டும். கோப்பு ஏறாது. உள்நுழைய முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவர் நுழையும்போதும் ஒரு சிறிய அமர்வுக் கோப்பை எழுத வேண்டும், அதை எழுத இடமில்லை. தரவுத்தளம் பதில் சொல்லாமல் நிற்கும். முனையத்தில் நுழைந்து பாதிக் கட்டளையைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று திட்டும். இவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் வந்தால் முதலில் வட்டைப் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுவது, மூடுலை மறுபடி நிறுவுவது எல்லாம் வேண்டாம்.

2. பார்ப்பதற்கு முன் எதையும் அழிக்காதீர்கள்

அன்றிரவு உதவிக்கு வந்த நண்பர், “பெயரே புரியாத நீளநீளமான கோப்பு ஆயிரக்கணக்குல கிடக்கு சார், குப்பைதான், தூக்கிடலாம்” என்றார். அது மூடுலின் ஃபைல்டிர் என்ற கோப்புறை. மூடுல் ஒரு கோப்பை அதன் சொந்தப் பெயரில் சேமிப்பதில்லை. உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிட்ட 40 எழுத்துக் குறியீட்டைப் பெயராக வைக்கிறது. குப்பை போலத் தெரிந்தவை எல்லாம் நம் ஆசிரியர்கள் ஏற்றிய தாள்கள், மாணவர்கள் அனுப்பிய வாய்மொழிப் பதிவுகள். அழித்திருந்தால் தளத்தில் தலைப்புகள் மட்டும் மிஞ்சியிருக்கும். சொடுக்கினால் ஒன்றும் திறந்திருக்காது.

தரவுத்தளக் கோப்புறைக்கும் இதே விதிதான். மைஎஸ்கியூஎல் கோப்புறையில் எதையும் கையால் அழிக்கக் கூடாது. பதற்றத்தில் இருக்கும்போது எல்லாமே தேவையில்லாததாகத்தான் தெரியும்.

3. எங்கே நிறைந்திருக்கிறது?

முதல் கட்டளை டிஎஃப் -எச். ஒவ்வொரு பகுதிக்கும் மொத்தம், பயன்பட்டது, மிச்சம் என்று காட்டும். எனக்கு வந்த கணக்கு: மொத்தம் 25 ஜிபி, பயன்பட்டது 24, மிச்சம் 0. இருபத்தைந்தில் இருபத்துநாலு போனால் ஒன்று மிச்சம் வர வேண்டுமே? இ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமை வழக்கமாக 5 விழுக்காட்டு இடத்தை நிருவாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். வட்டு நிறைந்த பிறகும் நாம் உள்ளே போய்ச் சரிசெய்ய அந்த இடம்தான் உதவுகிறது. மூடுல் அதைத் தொட முடியாது.

இரண்டாவது டிஎஃப் -ஐ. இது ஐநோடு எண்ணிக்கையைக் காட்டும். வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நாற்காலி காலியாக இருந்தாலும், பதிவேட்டில் வரி தீர்ந்துவிட்டால் புதிய மாணவரின் பெயரை எழுத முடியாது. ஒவ்வொரு கோப்புக்கும் அப்படி ஒரு வரி வேண்டும். 25 ஜிபி வட்டில் வழக்கமான அமைப்பில் சுமார் 16 லட்சம் வரிகள் இருக்கும். சின்னச் சின்ன அமர்வுக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால், இடம் இருக்கும்போதே “இடமில்லை” என்று வரும்.

மூன்றாவது டியு. எந்தக் கோப்புறை எவ்வளவு தின்கிறது என்று இது சொல்லும். வேரிலிருந்து ஒரு நிலை மட்டும் பார்த்து, பெரியதற்குள் இறங்கி, மறுபடி அதில் பெரியதற்குள் இறங்குங்கள். -எக்ஸ் என்ற குறியையும் சேர்த்தால் வேறு வட்டுகளுக்குள் போகாது. பெரும்பாலும் நான்கைந்து படிகளில் ஆள் அகப்பட்டுவிடுவார்.

4. கணக்கு இடிக்கிறதே!

எனக்கு இங்கேதான் தலை சுற்றியது. டிஎஃப் 24 ஜிபி என்கிறது. டியு எல்லாவற்றையும் கூட்டினால் 19தான் வருகிறது. 5 ஜிபி எங்கே போச்சு?

காரணம் நானேதான். அன்று காலையில் “வட்டு 90 விழுக்காடு” என்று எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருந்தது. அவசரமாக நுழைந்து, அப்பாச்சியின் 5 ஜிபி பதிவுக் கோப்பை ஆர்எம் கட்டளையால் அழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கணினியை மூடிவிட்டேன். இடம் காலியாகியிருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

லினக்ஸில் கோப்பை அழிப்பது என்பது அதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதுதான். ஏதாவதொரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. நூலகத்தில் ஒரு நூலின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டோம், ஆனால் நூல் இன்னும் மாணவன் கையில் இருக்கிறது, அதுபோலத்தான். அப்பாச்சி நாள் முழுக்க அந்தப் பெயரில்லாக் கோப்பில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. டியு பெயரை வைத்துத் தேடுவதால் அதைக் காணவில்லை.

கண்டுபிடிக்க எல்எஸ்ஓஎஃப் +எல்1. இதில் கூட்டல் குறிக்குப் பின்வரும் எல் பெரிய எழுத்து. அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகளையும், அவற்றைப் பிடித்திருக்கும் நிரலையும் காட்டும். அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் போதும். அப்பாச்சியை மறுதொடக்கம் செய்தேன், 5 ஜிபி திரும்பி வந்தது. தளமும் உயிர்பெற்றது. அந்த ஆசிரியையின் சிறுகதைத்தாள் இரவு 11 மணிக்கு ஏறியது.

பாடம் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பதிவுக் கோப்பை அழிக்காதீர்கள், காலியாக்குங்கள். டிரங்கேட் -எஸ் 0 என்று தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், கோப்பு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, இடம் உடனே கிடைக்கும். செய்த பிறகு டிஎஃப் தட்டி உறுதிப்படுத்துங்கள்.

5. பயமில்லாமல் குறைக்கக்கூடியவை

* கணினியின் பதிவேடு. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் டிஸ்க்-யூசேஜ் என்று கேட்டால் அளவு தெரியும். நாம் மாற்றாவிட்டால் அது வட்டில் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை, வளரும். வேக்கும்-சைஸ் 200எம் (இந்த எம் பெரிய எழுத்து) என்று கொடுத்தால் பழையவை போய்விடும்.
* இறக்கிய நிறுவல் பொதிகள். ஏபிடி கிளீன். தேவைப்பட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.
* மைஎஸ்கியூஎல் இருமப் பதிவுகள். 8.0 பதிப்பில் இவை தாமாகவே இயங்கும். 30 நாள் வரை தங்கும். கையால் அழிக்காமல், மைஎஸ்கியூஎல் உள்ளே போய் பர்ஜ் பைனரி லாக்ஸ் என்ற கட்டளையால் குறையுங்கள்.
* மூடுலின் தானியங்கிக் காப்புப்படிகள். எங்களுக்கு உண்மையான வில்லன் இதுதான். எத்தனை படி வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் வரம்பே இல்லாமல் விட்டிருந்தேன். 6 ஜிபி சேர்ந்திருந்தது. அவற்றை என் மடிக்கணினிக்கு இறக்கி, இரண்டு திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதென்று உறுதிசெய்த பிறகே மேகத்தில் அழித்தேன்.

மூடுலுக்குள் ஒரு பாடத்தையோ கோப்பையோ நீக்கினால் இடம் உடனே குறையாது. மறுசுழற்சித் தொட்டியில் சில நாள் இருக்கும். பிறகு டிராஷ்டிர் கோப்புறைக்குப் போகும். கிரான் என்ற காலமுறைப் பணி ஓடினால்தான் அது காலியாகும். கிரான் நின்றுபோன தளத்தில் எவ்வளவு நீக்கினாலும் இடம் வராது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

6. வட்டைப் பெரிதாக்குவது: மூன்று படிகள்

சுத்தம் செய்தும், வாய்மொழிப் பதிவுகள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவதால், 25 ஜிபியை 50 ஆக்கினோம். பலர் தடுமாறுவது இங்கேதான். “காசு கட்டியாச்சு, பேனல்ல 50னு காட்டுது, டிஎஃப்ல இன்னும் 25தான் சார்!”

ஏமாற்று வேலை இல்லை. ஓர் அறையைப் பெரிதாக்குவதுபோல இதில் மூன்று வேலைகள் உண்டு. அறை பெரிதாக வேண்டும். உள்ளே இருக்கும் தடுப்பை நகர்த்த வேண்டும். அலமாரித் தட்டுகளை நீட்ட வேண்டும். பேனலில் நாம் செய்தது முதல் வேலை மட்டும்.

அதற்கும் முன்னால், ஸ்னாப்ஷாட் எடுங்கள். தரவுத்தளத்தைத் தனியாகவும் ஒரு படி எடுங்கள். நிறைந்த வட்டிலேயே அந்தப் படியை எழுத முடியாது. எஸ்எஸ்எச் வழியாக நேராக உங்கள் கணினிக்கு வரும்படி செய்யலாம்.

*முதல் படி.* சேவை நிறுவனத்தின் பேனலில் வட்டின் அளவைக் கூட்டுங்கள். அமேசானின் இபிஎஸ், கூகள் கிளவுட் ஆகியவற்றில் கணினி ஓடும்போதே செய்யலாம். டிஜிட்டல் ஓஷனில் கணினியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

*இரண்டாம் படி.* எல்எஸ்பிஎல்கே தட்டிப் பாருங்கள். வட்டு 50 என்றும் அதன் கீழே பகிர்வு 25 என்றும் காட்டினால் பகிர்வை நீட்ட வேண்டும். குரோபார்ட் என்று தட்டி, வட்டின் பெயர், ஓர் இடைவெளி, பிறகு பகிர்வின் எண். அந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள். வட்டின் பெயரோடு எண்ணை ஒட்டி எழுதினால் பிழை வரும்.

*மூன்றாம் படி.* கோப்பு முறைமையை நீட்டுங்கள். எந்த வகை என்று டிஎஃப் -டி சொல்லும். இந்த டியும் பெரிய எழுத்து. இ.எக்ஸ்.டி.4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், பக்கத்தில் பகிர்வின் பெயர். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ், பக்கத்தில் அது பொருத்தப்பட்ட இடம். இரண்டையும் தளம் ஓடும்போதே செய்யலாம்.

பல மேக உபுண்டுகளில் இரண்டாம், மூன்றாம் படிகள் மறுதொடக்கத்தின்போது தாமாகவே நடந்துவிடும். ஆகவே முதலில் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பதில் தவறில்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. வட்டு முழுக்க நிறைந்திருந்தால் குரோபார்ட்டே “இடமில்லை” என்று நின்றுவிடும். இடத்தைக் கூட்டும் கருவிக்கே டெம்ப் கோப்புறையில் கொஞ்சம் இடம் தேவை! அப்போது நினைவகத்தில் 10 எம்பி அளவுக்கு ஒரு டெம்ப்எஃப்எஸ் அமைத்து, அதை டெம்ப் கோப்புறையின் மேல் பொருத்திவிட்டு மறுபடி செய்தால் நடக்கும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்.

7. கூட்டலாம், குறைக்க முடியாது

இதைப் பொருளாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன நிறுவனங்களிலும் மைக்ரோசாஃப்ட் அசூரிலும், கூட்டிய வட்டைத் திரும்பச் சுருக்க முடியாது. புதிதாகச் சின்ன வட்டு எடுத்து எல்லாவற்றையும் இடம் மாற்றுவதுதான் வழி. “இப்போதைக்கு 200 போடுவோம், அப்புறம் குறைச்சுக்கலாம்” என்று நினைத்தால் மாதாமாதம் அதற்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். கடந்த ஓராண்டில் எவ்வளவு கூடியது என்று பார்த்து, அடுத்த இரண்டு ஆண்டுக்குக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

8. மறுபடி வராமலிருக்க

எச்சரிக்கையை 90இல் வைக்காமல் 80 விழுக்காட்டில் வையுங்கள். அது ஒருவருக்கு மட்டும் போகக் கூடாது. குறைந்தது இரண்டு பேருக்குப் போகட்டும். காப்புப்படிக்கு வரம்பு வையுங்கள். படிகளை அதே வட்டில் வைக்காதீர்கள், ஏனென்றால் வட்டு போனால் படியும் சேர்ந்தே போகும். பதிவுக் கோப்புகளுக்கு லாக்ரொட்டேட் ஓடுகிறதா என்று பாருங்கள். பருவ விடுமுறையில் அரை மணி நேரம் ஒதுக்கி டிஎஃப், டியு இரண்டையும் தட்டி, அளவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு இந்தப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு அந்த நோட்டு உதவும்.

நம் தளங்களில் இருப்பவை ஆசிரியர்கள் இரவு விழித்துத் தயாரித்த தாள்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்த மாணவர் பதிவுகள். பலவற்றுக்கு வேறெங்கும் படி கிடையாது. வட்டு நிறைவதால் அவை அழிவதில்லை. பதற்றத்தில் நாம் தட்டும் ஒரு கட்டளைதான் அழிக்கிறது. அதனால் தளம் ஒரு மணி நேரம் நின்றாலும் பரவாயில்லை. புலனத்தில் “கொஞ்சம் பொறுங்க, பார்த்துக்கிட்டிருக்கேன்” என்று ஒரு வரி போட்டுவிட்டு, முதலில் டிஎஃப் தட்டுங்கள்.