வாசனையில் ராஜா… விலையில் கூஜா! கம்பம் பன்னீர் திராட்சையின் கதை

"கொட்டை இல்லாததா போடுங்கண்ணே!"

மதுரை வில்லாபுரத்தில், சாயங்கால நேரத்துத் தள்ளுவண்டிகளின் முன்னால் அடிக்கடி கேட்கும் குரல் இது. வண்டியின் ஒரு பக்கம் நீளநீளமாகப் பச்சை சீட்லெஸ் திராட்சை. இன்னொரு பக்கம் கறுப்பும் ஊதாவும் கலந்த உருண்டைப் பழங்கள். நடுநடுவே பழுக்காத பச்சைக் காய் ஒன்றிரண்டு தெரியும். அதுதான் பன்னீர் திராட்சை. "ஜூஸ் போடத்தான் சரி" என்று பலரும் ஒதுக்கும் பழம்.

ஆனால், நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் விளைந்து வரும் இந்தப் பழத்துக்கு உலக அளவில் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அப்புறம் ஏன் இந்த ஓரவஞ்சனை?

மூன்று மொழியிலும் ரோஜா

தாவர நூல்களில் இதன் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. பெயரில் ஜெர்மன் ஊர் இருந்தாலும், 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில்தான் இது பேர் வாங்கியது. இதற்கு அப்பா, அம்மா யார் என்று மரபணுச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. ஒன்று, வாசனைக்குப் பேர்போன 'மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா'. மற்றொன்று, கறுத்த பெரிய பழம் தரும் 'பிளாக் ஹாம்பர்க்'. வாசனையை ஒருவரிடமும் நிறத்தை இன்னொருவரிடமும் வாங்கிக்கொண்டு பிறந்த பிள்ளை இது.

தமிழ்நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது கம்பம் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நம் ஊரில் பன்னீர் என்றால் ரோஜாவிலிருந்து இறக்கும் வாசனை நீர். இந்தியில் இதற்கு 'குலாபி' என்று பெயர், அதுவும் ரோஜாதான். சீனர்கள் வைத்திருக்கும் பெயருக்குப் பொருள் 'ரோஜா மணம்'. ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. மூக்கு சொன்னதைத்தான் எல்லோரும் பெயராக வைத்திருக்கிறார்கள்.

கவாத்தில் இருக்கிறது சூட்சுமம்

தேனி மாவட்டத்தில் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி என்று பந்தல்கள் விரிந்து கிடக்கின்றன. மேற்கே மலை, இதமான காற்று. 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் வைகை அணைக்குப் போகிறது. அங்கிருந்து மதுரைக்குக் குடிநீராக வருகிறது. வில்லாபுரத்துக் குழாய்க்கும் கம்பத்துப் பந்தலுக்கும் ஒரு தண்ணீர் உறவு உண்டு!

நாசிக் பக்கம் திராட்சைக்குக் குறிப்பிட்ட சீசன் உண்டு. கம்பத்தில் அப்படியில்லை. கவாத்து செய்த சுமார் நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். ஒரு தோட்டத்தில் பறிக்கும்போது இன்னொரு தோட்டத்தில் கவாத்து நடக்கும். அதனால்தான் வருஷம் முழுக்கப் பழம் கிடைக்கிறது.

பலவீனம் எங்கே?

வாசனை இருந்தும் விலை ஏன் ஏறவில்லை? முதல் காரணம், கொட்டை. இரண்டாவது, கொத்தில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதில்லை. மூன்றாவதுதான் பெரிய சிக்கல். பறித்த சில நாளில் பழம் காம்பிலிருந்து உதிர ஆரம்பித்துவிடும். பழுக்கும் சமயம் மழை பெய்தால் தோல் வெடித்துவிடும். "விலை ஏறட்டும், அப்புறம் விற்கலாம்" என்று விவசாயியால் காத்திருக்க முடியாது. வியாபாரி சொன்னதுதான் விலை. பந்தல் போட்ட செலவும், சாம்பல் நோய்க்கு மருந்தடித்த செலவும் அந்த விலைக்குள் அடங்கியாக வேண்டும்.

உதிர்ந்தாலும் வீணாகாமல் பழத்தை வேறு பொருளாக்குவதுதான் இதற்கு வழி. ஜூஸ், ஜாம், ஸ்குவாஷ், ஒயின் என்று பல வகை உண்டு. திராட்சைச் சாறுக்குப் பெரும்பாலும் நிறம் கிடையாது. சிவப்பு தோலில்தான் இருக்கிறது. தோலோடு புளிக்கவைத்தால் சிவப்பு ஒயின். தோலை நீக்கிவிட்டால் வெள்ளை. சீனாவின் தியான்ஜினில் 1980-ல் பிரெஞ்சு நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கிய ஆலை, இதே கறுப்புப் பழத்தில் வெள்ளை ஒயின் செய்து பெயர் வாங்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இது 'பிளாக் மஸ்கட்' என்ற பெயரில் இனிப்பு ஒயினாகிறது.

ஒயின் ரசிகர்களிலும் பலர் இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். "சாப்பிடுகிற பழம்தானே" என்பார்கள். பிரான்சின் வான்டூ மலைப் பகுதி விவசாயிகள் அந்தப் பேச்சையே பலமாக்கிக்கொண்டார்கள். ஒயினுக்குப் புகழ்பெற்ற அந்த நாட்டில், இதே ரகத்தைச் சாப்பிடும் பழமாகவே விற்று, ஊர்ப் பெயரோடு அங்கீகார முத்திரையும் வாங்கிவிட்டார்கள். முத்திரை கம்பத்துக்கும் கிடைத்துவிட்டது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள்தான் இன்னும் போதவில்லை.

(ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது சட்டப்படி குற்றம். அந்த ஆசை வேண்டாம்!)

பார்த்து வாங்க… பக்குவமாகச் செய்ய…

* காம்பு பச்சையாக இருந்தால் புதுப் பழம். காய்ந்து பழுப்பாக இருந்தால் பறித்து நாளாகிவிட்டது.

* செங்காயாக இருப்பது புளிக்கும். நன்றாகக் கறுத்ததே இனிக்கும்.

* தோலின் மேல் மெலிதாகப் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு பழத்தின் இயற்கையான மெழுகு. ஆனாலும் மருந்தடித்த எச்சம் இருக்கலாம் என்பதால், தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

* மிக்ஸியில் போட்டு அடிக்காதீர்கள். கொட்டை அரைபட்டால் கசக்கும். பழம் மூழ்கும் அளவு தண்ணீரில் தோல் விடும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் மசித்து வடிகட்டுங்கள். தோலின் நிறமும் மணமும் சாறில் இறங்கிவிடும். சர்க்கரை கடைசியில், தேவைக்கு மட்டும்.

* குட்டிப் பிள்ளைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டு, பழத்தை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

அடுத்த முறை தள்ளுவண்டி முன்னால் நிற்கும்போது, ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பாருங்கள். பிறகு கேளுங்கள்: "அண்ணே, கம்பம் பன்னீரா இது? அரை கிலோ போடுங்க!"