விலாங்கு வாய்க்காலும் வெடிவைத்த குகையும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 2019 டிசம்பர் கடைசியில் மூண்ட காட்டுத்தீ, பட்ஜ் பிம் எரிமலையைச் சுற்றியிருந்த புதரையும் புல்லையும் எரித்துத் தீர்த்தது. தீ தணிந்தபின் அந்த நிலத்துக்கு உரியவர்களான குந்திட்ஜ்மாரா மக்கள் போய்ப் பார்த்தார்கள். அதுவரை புல்லுக்கடியில் மறைந்திருந்த ஒரு வாய்க்கால் வெளியே தெரிந்தது. நீளம் சுமார் 25 மீட்டர். விலாங்கு மீன் பிடிக்க அவர்களுடைய முன்னோர் எரிமலைப் பாறைகளுக்கிடையே அமைத்தது.

அந்தப் பகுதியைத் தொல்லியலாளர்கள் 1970களிலிருந்தே அளந்து வருகிறார்கள். அப்படியும் இது கண்ணில் படாமல் போனது எப்படி?

மேற்பரப்பு ஆய்வு என்பது பெரும்பாலும் நடைதான். நாலைந்து பேர் சில மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி ஒரே திசையில் நடப்பார்கள். கருவி செய்யத் தட்டியெடுத்த கல்சில்லில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு இருக்கும். தானாக உடைந்த கல்லில் பெரும்பாலும் அது இராது. கிளிஞ்சல் குவியல், அடுப்பெரித்த மண், படகு செய்யப் பட்டை உரித்ததால் தழும்பேறிய மரம் என்று கண்டதையெல்லாம் ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொள்வார்கள். நடந்த தரையில் எவ்வளவு பங்கு கண்ணுக்குத் தெரிந்தது என்பதையும் எழுதுவார்கள். அறிக்கையிலேயே முக்கியமான வரி இதுதான் என்பேன். புல் மூடிய நிலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் சாலை போடவோ சுரங்கம் தோண்டவோ காத்திருப்பவரின் மேசைக்கு அறிக்கை போகும்போது, 'கிடைக்கவில்லை' என்பது 'இல்லை' என்று படிக்கப்படும் ஆபத்து எப்போதும் உண்டு.

பட்ஜ் பிம்மில் நடையோடு லைடார் முறையும் கைகொடுத்தது. விமானத்திலிருந்து பாய்ச்சும் லேசர் ஒளி, இலைகளின் இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். அதைக் கொண்டு நிலத்தின் மேடுபள்ளம் முழுவதையும் வரையலாம். அங்குள்ள கல்வரிசை ஒன்றைத் தனியே பார்த்தால் இடிந்த சுவர் என்றுதான் தோன்றும். மழைக்காலத்தில் நீர் எந்த மட்டம்வரை ஏறும், எப்படி வடியும் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் சூட்சுமம் பிடிபடும். வாய்க்கால்கள் விலாங்கை நீரோடு திருப்பிவிடும். குறுக்குச் சுவரில் விட்ட இடைவெளியில் புல்லால் பின்னிய பறியை வைத்துப் பிடிப்பார்கள். ஒரு பகுதியில் தொல்லியலாளர் இயன் மெக்நிவன் குழுவினர் நடத்திய அகழாய்வு, அங்குள்ள அமைப்பின் தொடக்கம் சுமார் 6,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று காட்டியது. அருகிலேயே கல்வீடுகளின் அடித்தளங்களும் இருக்கின்றன. இந்தக் கண்டத்தின் பூர்வகுடிகள் ஓரிடத்தில் தங்காத அலைகுடிகள் என்று சொல்லிவந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

குந்திட்ஜ்மாரா மக்களுக்கு அந்த எரிமலை ஒரு மூதாதை. மலை அவர் நெற்றி. எரிமலைக் கற்கள் அவர் பற்கள். மலை, பாறை, ஏரி, மீன், கதை எல்லாம் சேர்ந்ததே அவர்கள் நிலம். யுனெஸ்கோ 2019 ஜூலையில் பட்ஜ் பிம்மை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பூர்வகுடிப் பண்பாட்டுச் சிறப்புக்காக மட்டுமே அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆஸ்திரேலிய இடம் இதுவாயிற்று.

எல்லா நிலத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், ஜூகன் பள்ளத்தாக்கிலிருந்த பாறைக்குகைகள் புட்டு குந்தி குர்ரமா, பினிகுரா மக்களுக்கு உரியவை. அங்கே ஆய்வு நடக்காமல் இல்லை. இரும்புத்தாது எடுக்கும் ரியோ டின்டோ நிறுவனம் குகைகளை அழிக்க 2013இல் அனுமதி பெற்றது. மறு ஆண்டே நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 7,000 பொருள்கள் கிடைத்தன. மனிதர் அங்கே சுமார் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே தங்கியது தெரிந்தது. மனித முடியால் பின்னிய, 4,000 ஆண்டுப் பழமையான அரைக்கச்சு ஒன்றின் மரபணு, இன்று அங்கே வாழும் மக்களோடு பொருந்தியது. இவ்வளவு தெரிந்தும், கொடுத்த அனுமதியை மறுபரிசீலிக்கக் கோர, மாநிலத்தின் 1972ஆம் ஆண்டு மரபுச் சட்டம் அந்த மக்களுக்கு வழி வைக்கவில்லை. 2020 மே 24 அன்று குகைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

உலகம் கொதித்தது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மாநில அரசு கொண்டுவந்த புதிய சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, நில உடைமையாளர்களின் எதிர்ப்பால் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. பழைய சட்டமே சில திருத்தங்களோடு திரும்பி வந்திருக்கிறது. புதிய தகவல் கிடைத்தால் அமைச்சருக்குத் தெரிவித்தாக வேண்டும். பூர்வகுடிகளும் இப்போது முறையீடு செய்யலாம். ஆனால் ஓர் இடத்தை அழிக்கலாமா கூடாதா என்று கடைசியாகச் சொல்லும் அதிகாரம் இன்றும் அரசின் கையில்தான் இருக்கிறது.