காலணியும் கணக்கும்

பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நாம், சம்பளம் கைக்கு வந்ததும் வாடகை, அரிசி, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று பகுத்து வைக்கிறோம். காலணிக்கென்று ஒதுக்குவோர் மிகச் சிலரே. பழையது அறுந்த அன்று நடைபாதைக் கடையில் அகப்பட்டதை வாங்கிக்கொள்கிறோம். இது சிக்கனந்தானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

300 ரூபாய் ஜோடு நான்கு மாதம் உழைப்பதாகக் கொள்வோம். மூன்றாண்டுகளில் ஒன்பது ஜோடுகள். செலவு 2,700 ரூபாய். 1,500 ரூபாய்த் தோல் காலணிக்கு இரு முறை 250 ரூபாய் கொடுத்து அடி மாற்றினாலும் மொத்தம் 2,000 ரூபாயே ஆகும். ஆயினும் 1,500 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க இயலாதவரே 2,700 ரூபாய் செலவிட நேர்கிறது. குற்றம் அவருடையதன்று; கையில் பணமின்மையே அவரிடம் கூடுதல் விலையை வாங்கிவிடுகிறது.

மலிவான காலணி விரைவில் கெடுவது ஏன்? அதன் அடிப்பகுதி பெரும்பாலும் பசையால் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும். ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்கவே பசை விட்டுப்போகும். தோல் போலத் தோன்றும் மேற்பகுதி, துணிமீது பூசிய பிளாஸ்டிக்காக இருப்பின் மடியுமிடத்தில் வெடிக்கும். தையலிட்ட காலணியோ, தேய்ந்த அடியைப் பிரித்து வேறொன்று தைக்க இடந்தரும். பழுது பார்க்கக்கூடியதே நீடித்து உழைக்கும்.

இதற்குக் கோலாப்பூர்ச் செருப்பு நல்ல சான்று. கருவேலம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோலை, ஆணியின்றித் தோல் வாராலேயே தைப்பது அதன் மரபு. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நான்கு நான்கு மாவட்டங்களுக்கு உரியதாக 2019-இல் அது புவிசார் குறியீடு பெற்றது. தோல் தொழிலில் நம்மவர்க்கும் பங்குண்டு; மும்பைத் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள்.

எனினும் மலிவானது யாவும் வீண் என்பதற்கில்லை. மும்பையின் அடைமழையில் தோல் செருப்பு ஊறிக் கெடும். அக்காலத்துக்கு ரப்பர் செருப்பே தகும். விலையுயர்ந்தது யாவும் நிலைப்பதுமில்லை. பாலியூரித்தேன் அடியுள்ள காலணியைத் திருமணங்களுக்கென்று பெட்டியில் பல்லாண்டு பூட்டி வைத்தால், காற்றின் ஈரத்தாலேயே அடி பொடிந்து உதிரும்.

ஆகவே, வாங்கும்போது விளிம்பில் தையல் உண்டா என்று பார்க்க வேண்டும்; அடியைப் போன்றே குழித்துக் காட்டும் போலித் தையலும் உண்டு. பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பார்ப்பது நன்று. நனைந்ததை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். அடி முற்றும் தேயுமுன் தெருமுனையில் அமர்ந்து தைப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். நம் காசும் மிஞ்சும். அவர் கைத்தொழிலும் வாழும்.