ஸ்கூபா சிலிண்டருக்கு பெயின்ட் அடிக்கலாமா?

ஸ்கூபா கருவிகளைப் பிடித்த நிறத்துக்கு மாற்றும் ஆசை டைவர்கள் பலருக்கும் உண்டு. ஆசையில் தப்பில்லை, கை வைக்கும் இடம்தான் முக்கியம்.

அலுமினிய சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. (பலரும் நினைப்பதுபோல அது தனி ஆக்சிஜன் அல்ல!) இதைப் பட்டறையில் கொடுத்து, அடுப்பில் சூடேற்றும் பவுடர் கோட்டிங் செய்தால் உலோகம் பலமிழக்கும், காற்று நிரப்பும்போதே வெடிக்கவும் கூடும். தானாகக் காயும் பெயின்ட் போதும். கழுத்தருகே பொறித்துள்ள சோதனைத் தேதியை மறைத்துவிடக் கூடாது.

மாஸ்க்கின் சிலிகானில் பெயின்ட் ஒட்டாது. ரெகுலேட்டர் பக்கம் ஸ்ப்ரே பெயின்ட்டே வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கில் விரிசல் விழச்செய்யும். சில மாடல்களுக்குக் கழற்றி மாட்டும் வண்ண மூடிகளே கிடைக்கின்றன.

சிவப்புப் பிரியர்களுக்கு ஒரு தகவல்: 10 மீட்டர் ஆழத்தில் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். கூட வருபவர் கண்ணில் பட ஒளிரும் மஞ்சள்தான் சரி.