வாயில்லா ஜீவனுக்காகக் கிளினிக்கில் பேச வேண்டியவர் உரிமையாளரே

ஜார்ஜ்டவுன் - காரில் ஏறும்போது வாலாட்டிய நாய், கால்நடை கிளினிக்கின் வாசலைக் கண்டதும் நான்கு கால்களையும் தரையில் ஊன்றி நின்றுவிடும். பூனையோ கூண்டை எடுக்கும் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பிராணி வளர்க்கும் பல வீடுகளில் இது வழக்கமான காட்சிதான். பிடிவாதம் என்று எண்ணி அதட்டி இழுத்துச் செல்வோரும் உண்டு. ‘பாவம், எதற்கு அதைப் படுத்த வேண்டும்?’ என்று கிளினிக் பக்கமே போகாதவர்களும் உண்டு. இரண்டுமே பிராணிக்கு நல்லதல்ல.

2015 செப்டம்பரில் பினாங்கில் நாய்களிடையே ரேபிஸ் நோய் கண்டறியப்பட்டது. தடுப்பூசியைத் தவறவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அந்தச் சம்பவம் உணர்த்தியது. மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டமும், பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. ஆகவே, கிளினிக்கிற்குப் போகத்தான் வேண்டும். பயத்தைக் குறைத்து எப்படிப் போவது என்பதே கேள்வி.

தொலைபேசியிலேயே தொடங்கலாம்

நேரம் கேட்டு அழைக்கும்போதே, ‘என் நாய் பயப்படும், பிடித்தால் கடிக்க வரும்’ என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; ஊழியர்கள் முன்கூட்டியே தயாராக இது உதவும். கூட்டம் குறைந்த நேரம் எது, முறை வரும்வரை வெளியே காத்திருக்கலாமா என்றும் கேட்கலாம். வெளியே காத்திருப்பதென்றால், நம் ஊர் வெயிலில் பிராணியைப் பூட்டிய காரில் தனியே விடவே கூடாது.

மிகவும் அஞ்சும் பிராணிகளுக்கு, வீட்டிலேயே கொடுத்து அழைத்துவரும்படி பயம் தணிக்கும் மருந்தை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அதையும் கேட்கலாம். ஆனால் மனிதர்களுக்கான மாத்திரைகளைச் சொந்தமாகக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறிக்கக்கூடியது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பூனைக் கூண்டைப் புறப்படும் நாளில் மட்டும் வெளியே எடுத்தால், அது பயத்தின் அடையாளமாகிவிடும். சில நாள்களுக்கு முன்பே அதைத் திறந்து வைத்து, பூனை படுக்கும் பழைய துணியை உள்ளே விரித்து, அங்கேயே உணவும் வைக்கலாம். மேல்மூடி கழலும் கூண்டாக இருந்தால், பூனையை வெளியே இழுக்காமல் அதற்குள் இருந்தபடியே பெரும்பாலும் பரிசோதிக்க முடியும். போகும் வழியில் கூண்டின்மேல் ஒரு துண்டைப் போர்த்துவது நல்லது.

நாய்க்கு வாய்க்கவசம் தேவைப்படும் என்றால், வீட்டில் தின்பண்டம் கொடுத்து முன்னதாகவே பழக்கலாம். தீபாவளி, சீனப் புத்தாண்டு நாள்களில் வெடிச்சத்தத்தால் ஏற்கெனவே கலங்கியிருக்கும் நாய்க்கு, அவசரமில்லாத சிகிச்சையைச் சற்றுத் தள்ளிப்போடலாம்.

பரிசோதனை அறையில்

நாய் அடிக்கடி உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, வாலைக் கால்களுக்கிடையே செருகுவது ஆகியவை பயத்தின் ஆரம்ப அறிகுறிகளாக இருக்கலாம். உறுமல் பெரும்பாலும் அதன் பிறகுதான் வரும். அதற்கு முன்பே, ‘டாக்டர், ஒரு நிமிடம் நிறுத்தலாமா?’ என்று பணிவாகக் கேட்க உரிமையாளர் தயங்கக் கூடாது. வழுக்கும் மேசைக்குப் பதிலாகத் தரையில் பரிசோதிக்க முடியுமா, நகம் வெட்டுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் மருத்துவரின் முடிவே முதன்மையானது.

பயம் பரிசோதனை முடிவுகளையும் மாற்றக்கூடும். பதற்றத்தில் இருக்கும் பூனைக்கு, நீரிழிவு இல்லாமலேயே இரத்தத்தில் சர்க்கரை அளவு கூடலாம். இரத்த அழுத்தமும் உயரலாம். வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது என்ற தகவல் மருத்துவருக்குத் தெரிந்தால், அந்த அளவுகளை அவர் அதற்கேற்ப எடைபோடுவார்.

வீடு திரும்பும் முன், எந்த அணுகுமுறை பலன் தந்தது என்பதைப் பிராணியின் பதிவேட்டில் குறித்துவைக்கச் சொல்லலாம். அடுத்த முறை வேறொரு மருத்துவர் பார்த்தாலும் அந்தக் குறிப்பு கைகொடுக்கும். இடையில் ஒருநாள், கிளினிக்கின் அனுமதியோடு ஊசி எதுவுமில்லாமல் எடை மட்டும் பார்த்து, ஒரு தின்பண்டம் கொடுத்து அழைத்து வரலாம். அங்கே போனாலே வலிதான் என்ற எண்ணம் மெல்ல மெல்ல மாறும்.