பெட்டிக்குள் அடைபட்ட வெப்பம்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் இன்று ஒரு பழைய மேசைக் கணினி உண்டு. ஏதோவோர் அலுவலகத்திலே நெடுங்காலம் உழைத்துக் கழிக்கப்பட்டுக் கடைக்கு வந்ததாகவோ, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்தில் முன்னொருகால் வாங்கியதாகவோ அது இருக்கும். 2022ஆம் ஆண்டிலே இலங்கை ரூபாவின் பெறுமதி சில வாரங்களுள் ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தபோது, புதுக் கணினி வாங்கும் எண்ணத்தையே கைவிட்ட குடும்பங்கள் அநேகம். அக்குடும்பங்களிலே உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு இப்பழைய பெட்டிதான் துணை.

காலையிலே சுறுசுறுப்பாக இயங்கும் அக்கணினி பிற்பகலில் தள்ளாடத் தொடங்கும். உள்ளிருக்கும் விசிறி இரைந்து கூவும். சிலவேளை, எழுதிக்கொண்டிருக்கும் ஒப்படையையும் விழுங்கிக்கொண்டு தானாகவே நின்றுவிடும். “வயது போய்விட்டது” என்பார் தந்தையார். “வைரஸ் புகுந்துவிட்டது” என்பான் மகன். இரண்டுமே காரணமாக இருத்தல் கூடும். ஆயினும், நாம் கண்ட அளவில், பெரும்பாலான பெட்டிகளிலே குற்றவாளி வெப்பமே.

கணினியின் மூளை எனப்படும் புரொசெசர் நமது விரல் நகத்தளவான சிலிக்கன் துண்டு. 1993இல் வெளிவந்த முதற் பென்ரியம் ஏறத்தாழ 15 வாற்று மின்சாரத்தையே வெப்பமாக்கிற்று. 2004இல் வந்த பென்ரியம் 4 வகைகளுட் சில 100 வாற்றையும் தாண்டின. பழைய குமிழ் மின்விளக்கொன்றின் வெப்பம் முழுவதையும் ஒரு நகத்தின் மேல் குவித்தால் எப்படியிருக்கும்! அந்நிறுவனமே அவ்வழியை விட்டு விலகி, 2006இல் பெரும்பாலும் 65 வாற்றளவில் இயங்கும் கோர் 2 டியூவோவைக் கொண்டுவந்தது. இவ்வகைப் புரொசெசர்கள் அளவு மீறிச் சூடேறினால், எரிந்துபோகாதிருக்கத் தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதனாலும் தணியாவிடில் இயக்கத்தை நிறுத்திவிடுகின்றன. முதுமை என்று நாம் எண்ணுவது பலவேளை இந்தத் தற்காப்பே.

விசிறி குளிரை உண்டாக்குவதில்லை என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். அறையின் காற்றைக்கொண்டு அது வெப்பத்தை வெளியேற்றுகிறது, அவ்வளவே. அறைக் காற்றைவிட 35 பாகை கூடுதலாகப் புரொசெசர் சூடேறுமாயின், 20 பாகையுள்ள குளிரூட்டிய அலுவலகத்தில் அது 55 பாகையில் நிற்கும். சித்திரை வெயிலில் 33 பாகையுள்ள நமது அறையில் 68ஐ எட்டும். அங்கே குறையின்றி உழைத்த பெட்டி இங்கே தவிப்பதில் வியப்பில்லை.

நிற்க. நமது முன்னோர் கட்டிய நாற்சார் வீட்டை நோக்குக. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழ, வாயில்களினூடே புதுக்காற்று உள்ளே வரும். கணினிப் பெட்டிக்கும் அதுவே விதி. முன்புறம் தாழ நுழையும் காற்று புரொசெசரைக் கடந்து பின்புறத்தால் வெளியேற வேண்டும். நாமோ அப்பெட்டியைக் கதவுள்ள கணினி மேசையின் அடித்தட்டிலே திணித்து, சுவரோடு ஒட்டவைத்து, போதாக்குறைக்குப் பூவேலை செய்த துணியாலும் போர்த்திவிடுகிறோம். துணியை எடுக்காமலே கணினியை இயக்கும் வீடுகளும் உண்டு! பின்புறத்தில் ஒரு சாணாவது இடம்விட்டு, அடைப்பிலிருந்து பெட்டியை வெளியே எடுத்தாலே பாதி நோய் தீரும். இதற்குச் செலவு ஒரு சதமுமில்லை.

மீதிப் பாதி தூசியால் வருவது. சோளகம் வீசும் மாதங்களில் கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் முதலிய செம்மண் ஊர்களில் சன்னலைத் திறந்துவைப்போர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. புரொசெசரின் மேலே சீப்புப் பல்போல நிற்கும் அலுமினியத் தகடுகளின் இடைவெளியிலே அச்செந்தூசி கம்பளிபோற் படிந்துவிடும். விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்றுப் புகாது. மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையாலும் சைக்கிள் பம்பினாலும் அதை அகற்றலாம். விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொண்டு ஊதுதல் வேண்டும். ரயர்க்கடைக் காற்றிலே நீரும் எண்ணெயும் கலந்து வருமாதலின் அங்கே கொண்டுபோதல் தகாது. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் திறக்கலாகாது; இணைப்பை எடுத்த பின்பும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

தூசி நீங்கியும் சூடு தணியாவிடில் ஒரு சோதனை செய்க. பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து அரைமணி நேரம் இயக்குக. வெப்பநிலை நன்றாக இறங்குமாயின் காற்று வழியே குறை. கம்பிகளை ஓரமாகக் கட்டி வழிவிடுதல் போதும். இறங்காவிடில், புரொசெசருக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய வெப்பப் பசை காய்ந்து, உலோகம் உலோகத்தைச் சரியாகத் தொடாதிருத்தல் கூடும். மூடியைத் திறந்தபடியே விட்டு மேசை விசிறியை வைப்போர் பலர். அது சோதனைக்கு நன்று. நாளாந்த வழக்கத்துக்கு ஆகாது. தூசியும் பல்லியும் எறும்பும் குடிபுகும். அன்றியும், ஒடுங்கிய பெட்டிகளிற் சில, காற்றைப் புரொசெசர்மீது செலுத்தப் பிளாஸ்திக்கு மூடாக்கு ஒன்றை உடையன. மூடி திறந்திருந்தால் காற்று வழிதவறிப்போகும். இடைஞ்சலென்று அம்மூடாக்கை எறிந்துவிடும் திருத்துநர்களும் உளர்!

பசை மாற்றுவதில் அவசரம் ஆகாது. கணினியைச் சிறிது நேரம் இயக்கிப் பசையை இளகச்செய்து, பின் மின்னிணைப்பை நீக்கி, தகட்டை மெல்லத் திருகி எடுத்தல் வேண்டும். நேரே இழுத்தால் பழைய வகைகளிலே புரொசெசரும் உடன் பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் ஊசிக் கால்கள் வளையலாம். பழம்பசையை ஐசோபுரொப்பைல் மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து, ஓர் அரிசியளவு புதுப்பசை வைத்தாற் போதும். கூடினால் நன்மையென்று அப்புவோருமுளர். உலோகங்களுக்கு இடையே அகப்படும் காற்றை நிரப்புவதே பசையின் வேலை. தடிப்பாகப் பூசினால் அதுவே தடையாகிவிடும். தகட்டைத் திரும்பப் பொருத்தும்போது நான்கு மூலைகளையும் எதிரெதிர் மூலையாக மாறிமாறி அழுத்துக. ஒரு மூலை சரியாகப் பிடிக்காவிடினும் உழைப்பெல்லாம் வீண்.

மூடியபின் பெட்டியின் பின்புறத் துளையருகே கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று படவேண்டும். பயாஸ் திரையில் அன்றைய வெப்பநிலையைப் பார்த்து, திகதியுடன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைக்க. அடுத்த சோளகம் முடிந்து பெட்டியைத் திறக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.