படகுக்குள் நீர் வந்தது எப்படி?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்திற்காக விதிக்கப்படும் தடைக்காலம் இது. முன்பு 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் 61 நாட்களாயிற்று. அப்போது பல படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். மீண்டும் கடலில் இறக்கியதும் சில மரப்படகுகளின் அடியில் நீர் சேரத் தொடங்கும். ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் நீர் எங்கிருந்து வந்தது?

படகின் உட்புறத்தில் மிகத் தாழ்வான பள்ளத்தைப் 'பில்ஜ்' என்பர். எங்கே நுழைந்தாலும் நீர் வழிந்து அங்கேதான் சேரும். நீர் நிற்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. தேடுவோரைக் குழப்புவது இதுதான்.

சிறு ஓட்டை, பெரும் ஆபத்து

நீர்மட்டத்திற்கு அரை மீட்டர் கீழே 1 செ.மீ. விட்டமுள்ள துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நீர் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் பாயும். ஒரு மணி நேரத்தில் உள்ளே வருவது ஏறத்தாழ 500 லிட்டர், அதாவது அரை டன் எடை! விட்டம் இரு மடங்கானால் வரும் நீர் நான்கு மடங்காகும். உள்ளே சேர்ந்த நீர், படகு சாயும் பக்கம் ஓடி அதை மேலும் சாய்க்கும். நீர் எஞ்சினை எட்டினால் எஞ்சின் நின்றுவிடும். எஞ்சினால் ஓடும் பம்பும் கூடவே நிற்கும்.

என்ன நீர்?

முதலில் பள்ளத்தை இறைத்து, நன்னீரால் கழுவி, துடைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பழைய உப்பு நம்மை ஏமாற்றும். பிறகு புதிதாகச் சேரும் நீரில் ஒரு லிட்டர் எடுத்து வற்றக் காய்ச்சுங்கள். கடல்நீரானால் சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும். மிகக் குறைவாக மிஞ்சினால் மழைநீர், மீன் பெட்டியில் உருகிய ஐஸ், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள வேங்கிக்கால் ஏரி போன்ற நன்னீர் நிலையில் மிதக்கும் படகுக்கு இச்சோதனை உதவாது. அங்கே உள்ளும் புறமும் நன்னீர்தானே! அடுத்த கேள்விதான் அங்கே வழிகாட்டும்.

எப்போது வருகிறது?

எஞ்சின் நின்று, படகு அசையாதிருக்கும்போதும் நீர் ஏறுகிறதா? அடிப்பலகைகளையும், அடிப்பகுதியைத் துளைத்துச் செல்லும் குழாய்களையும் பாருங்கள். வெயிலில் காய்ந்த மரம் சுருங்குவதால் பலகைகளுக்கிடையே இடுக்கு விழும். நீரில் ஊறி உப்பினால் அது மூடிக்கொள்ளும். நாளுக்கு நாள் நீர் குறைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். குறையாவிட்டால் தேடலைத் தொடர வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் வருமானால், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்குழாயில் கசிவு இருக்கலாம். விசிறியைச் சுழற்றும் தண்டு படகின் பின்புறத்தைத் துளைத்து வெளியே செல்கிறது. அந்தத் துளையைக் கொழுப்பூட்டிய கயிற்றைத் திணித்து அடைப்பது பழைய முறை. தண்டு சுழலும்போது அங்கே துளித்துளியாகச் சொட்டுவது இயல்பு. தாரையாக ஒழுகினால் கோளாறு. அலையில் ஓடும்போது மட்டும் நீர் வந்தால் நீர்மட்டத்திற்கு மேலுள்ள பலகைகளை ஆராய வேண்டும்.

எங்கே நுழைகிறது?

உலர்ந்த பள்ளத்தில் களிமண்ணால் சிறு வரப்புகள் கட்டிப் பகுதிகளாகப் பிரியுங்கள். பலகைகளின் மேல் சாக்குக்கட்டித் தூளைத் தூவுங்கள். எந்தப் பகுதி முதலில் நனைகிறது, தூளில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று கவனித்தால் நுழைவாயில் தெரியும். கரையிலுள்ள படகுக்குள் சிறிதளவு நீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்றும் பார்க்கலாம். நிறைய ஊற்றக் கூடாது. கரையில் வெளியிலிருந்து தாங்க நீர் இல்லாததால் பலகைகள் விலகிவிடும்.

செய்து பாருங்கள்

தட்டையான தகர டப்பா ஒன்றின் அடியில் ஓர் ஓரமாக ஊசித் துளை இடுங்கள். எதிர் ஓரத்தில் சிறு கல்லை வைத்து வாளி நீரில் மிதக்க விடுங்கள். நீர் கல்லின் பக்கம் சேரும், துளையோ மறுபக்கம். இனி டப்பாவை உலர்த்தி, சாக்குக்கட்டித் தூள் தூவி, துளை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்குமாறு நண்பரிடம் கொடுங்கள்.